நம்ம கடலில் ஏன் கப்பல் நிற்பதில்லை?

  

முட்டத்துக்கோ கன்னியாகுமரிக்கோ போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வானம் தெளிவாக இருக்கும் ராத்திரியில் கடலில் வெகு தூரத்தில் சின்னச் சின்ன விளக்குகள் மெதுவாக நகரும். சில விளக்கு நம்ம வள்ளக்காரர்களுடையது. சில விளக்கு பெரிய சரக்குக் கப்பலுடையது. அரபுநாட்டில் இருந்தும் சூயஸ் கால்வாய் வழியாகவும் வந்து சிங்கப்பூர், சீனா போகிற கப்பல்கள் இந்தியாவின் தெற்கு முனையைத் தாண்டி, இலங்கைக்கும் தெற்கே சுற்றித்தான் போகும். ராமேஸ்வரத்துக்கும் இலங்கைக்கும் நடுவில் கடலுக்கு ஆழம் போதாது. அதனால் பெரிய கப்பல் அந்த வழியாகப் போக முடியாது.

இத்தனை கப்பல் நம்ம வாசல் வழியே போகுதே, ஒன்றுகூட ஏன் நம்ம மாவட்டத்தில் நிற்பதில்லை? இந்தக் கேள்வியை என் மாமா போனில் கேட்டாவ. மாமாவுக்கு துபாயில் ஜெபல் அலி துறைமுகத்தில் வேலை. கப்பல் மேல் ஏற்றிய கண்டெய்னர் பெட்டி ஆடாமல் இருக்க இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிற வேலை. "இங்க மண்ணைத் தோண்டி கடலை உள்ள கொண்டு வந்திருக்கான் மக்கா. நமக்கு கடல் சும்மா கிடக்கு. ஊர்ல ஒரு துறைமுகம் இருந்தா நான் ஏன் இங்க வந்து வெயில்ல கிடக்கணும்?" என்று கேட்டாவ. எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததையும், சார், டீச்சரிடம் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

துறைமுகம் அமைய என்ன வேண்டும்?

முதலில் ஆழம். பெரிய சரக்குக் கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் சுமார் 16 மீட்டர் வரை இறங்கி நிற்கும். ஒரு தென்னைமரத்தை அப்படியே தண்ணீருக்குள் நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கரையோரம் அவ்வளவு ஆழம் இல்லாவிட்டால் மணலைத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது, அமைதியான தண்ணீர். ஆனி, ஆடி மாதத்தில் நம்ம கடல் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கப்பல் ஆடாமல் நின்றால்தான் கிரேன் பெட்டியைத் தூக்க முடியும். அதற்காகக் கடலுக்குள் பாறையைக் கொட்டி நீளமாகச் சுவர் கட்டுவார்கள். அதன் பெயர் அலைத்தடுப்புச் சுவர்.

மூன்றாவது, பின்னால் நிலம், ரோடு, ரயில். இறக்கிய பெட்டியை அடுக்கி வைக்கப் பெரிய இடம் வேண்டும். கொண்டு போக வழி வேண்டும்.

நான்காவது, கப்பல் பாதைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சுற்றிக்கொண்டு வந்தால் கப்பலுக்கு எண்ணெயும் நேரமும் வீண்.

துறைமுகத்தில் எத்தனை வகை?

1. மீன்பிடித் துறைமுகம்: நம்ம மாவட்டத்தில் சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் ஆகிய இடங்களில் இருக்கிறது.

2. சரக்குத் துறைமுகம்: தூத்துக்குடி, கொச்சி, விழிஞ்ஞம் போன்றவை. தூத்துக்குடியில் இருந்து வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரனை எதிர்த்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். அங்கே சுமார் நாலு நாலு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு அலைத்தடுப்புச் சுவர் கட்டி, செயற்கையாகத் துறைமுகம் அமைத்தார்கள். 1974-இல் பெருந்துறைமுகம் ஆனது. 2011-இல் வ.உ.சி. பெயரையே சூட்டினார்கள்.

3. பயணிகள் முனையம்: சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கும் இடம். பார்க்க விமான நிலையம் மாதிரியே இருக்கும். பாஸ்போர்ட் பார்ப்பார்கள், பெட்டியைச் சோதிப்பார்கள், பிறகு ஏற்றுவார்கள். கொச்சியில் 'சாகரிகா' என்ற முனையம் 2021-இல் திறக்கப்பட்டது. துபாயில் 1972-இல் திறந்த ரஷீத் துறைமுகம் முன்பு சரக்குத் துறைமுகம். 2009-இல் சரக்கை எல்லாம் ஜெபல் அலிக்கு மாற்றிவிட்டு, ரஷீதைப் பயணிகளுக்கு ஆக்கினார்கள். பழைய 'குயீன் எலிசபெத் 2' கப்பலை அங்கே நிறுத்தி 2018-இல் ஓட்டலாகவே திறந்தார்கள்! நம்ம ஊரில் பயணிகளுக்கு இருப்பது கன்னியாகுமரிப் படகுத்துறைதான். பூம்புகார் கப்பல் கழகத்தின் பொதிகை, குகன், விவேகானந்தா படகில் ஏறி விவேகானந்தர் பாறைக்குப் போகாதவர் நம்மில் யாரும் உண்டா?

நமக்கும் ஒரு துறைமுகம் இருந்தது!

குளச்சல்தான் அது. 1741 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது அங்கேதான். வெற்றித்தூண் இன்றும் இருக்கிறது. பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் பிறகு நம்ம மன்னரின் படைத்தலைவர் ஆனார். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. குளச்சல் ஒரு இயற்கையான துறை. மணவாளக்குறிச்சி மணல் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறியதும் குளச்சலில் இருந்துதான். கப்பல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றிக் கொண்டு போய்க் கொடுப்பார்கள். பிறகு கப்பல் பெரிதாகிக்கொண்டே போனது, குளச்சல் அப்படியே நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு விழிஞ்ஞம்

நீரோடி தாண்டிக் கேரளாவுக்குள் கொஞ்ச தூரம் போனால் விழிஞ்ஞம். அங்கே கரைக்குப் பக்கத்திலேயே 18 முதல் 20 மீட்டர் ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை சுமார் 10 கடல் மைல்தான், அதாவது 18 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2024 ஜூலையில் 'சான் பெர்னாண்டோ' என்ற முதல் தாய்க்கப்பல் வந்தது. 2024 டிசம்பரில் வணிகம் தொடங்கியது. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2025 ஜூன் மாதம் வந்த 'எம்.எஸ்.சி. ஐரினா' என்ற கப்பல் இருபதடிப் பெட்டி 24,346 ஏற்றும் கொள்ளளவு உடையது. நீளம் சுமார் 400 மீட்டர். நம்ம பள்ளி மைதானத்தை எத்தனை முறை ஒட்டி வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தாய்க்கப்பல் என்றால் என்ன? பெரிய பஸ் நாகர்கோவிலில் நிற்கும், அங்கிருந்து மினி பஸ் பிடித்து நம்ம ஊருக்கு வருவோம் அல்லவா? அதே மாதிரிதான். தாய்க்கப்பல் பெரிய துறைமுகத்தில் மட்டும் பெட்டிகளை இறக்கும். சின்னக் கப்பல்கள் அதைப் பிரித்து மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோகும். பல வருடமாக இந்தியாவின் சரக்கு இப்படிக் கொழும்பு, சிங்கப்பூர், ஜெபல் அலி போய்த்தான் மாறியது. அந்தக் கூலி வெளிநாட்டுக்குப் போனது. விழிஞ்ஞம் கட்டியது அதை நிறுத்தத்தான். அங்கே பெட்டி தூக்கும் கிரேனைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தே இயக்குகிறார்கள். அந்த வேலையைப் பக்கத்துக் கடற்கரை ஊர்ப் பெண்கள் சிலரும் செய்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அப்போ நமக்கும் கட்ட வேண்டியதுதானே?

மாமா கேட்டதும் இதுதான். மத்திய அரசும் இதையே நினைத்தது. 2016 ஜூலையில் குளச்சல் பக்கம் இனயத்தில் பெருந்துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. கடற்கரை ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடினார்கள். பிறகு இடத்தைக் கன்னியாகுமரிப் பக்கம் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே மாற்றினார்கள். அங்கேயும் போராட்டம் நடந்தது. இன்றுவரை இரண்டு இடத்திலும் துறைமுகம் கட்டப்படவில்லை.

ஏன் எதிர்த்தார்கள்? கடற்கரை ஊரில் இருந்து வரும் என் தோழியிடம் கேட்டேன். "எங்களுக்கு கடல்தான் வயலு. உன் வயல்ல ரோடு போட்டா சும்மா இருப்பியா?" என்று திருப்பிக் கேட்டாள். கரைமடி இழுக்கவும் வள்ளம் ஏற்றவும் மணல் வேண்டும். பெரிய கப்பல் வரும் பாதையில் வலை போட முடியாது.

இன்னொன்று கடலரிப்பு. கடலில் நீவாடு மணலைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகும். வயலுக்குப் போகும் வாய்க்காலில் குறுக்கே ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மண் சேரும், மறு பக்கம் கரை இடியும். கடலில் நீளமாகச் சுவர் கட்டினாலும் அப்படித்தான். ஒரு ஊருக்கு மணல் கூடும், அடுத்த ஊருக்கு வீடு போகும். விழிஞ்ஞத்தில் மீனவர்கள் 2022-இல் நூறு நாளுக்கு மேல் போராடியதற்கு இதுவும் ஒரு காரணம். சின்னத் துறைமுகத்துக்கும் இது பொருந்தும். தேங்காப்பட்டணத்தில் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, அலையில் படகு கவிழ்ந்து மீனவர் பலர் இறந்திருக்கிறார்கள்.

சுவருக்குப் பாறை எங்கிருந்து வரும்? மலையில் இருந்துதான். விழிஞ்ஞம் சுவருக்கு நம்ம மாவட்டத்தில் இருந்தும் பாறை போயிருக்கிறது. கல் லாரி வரிசையாகப் போவதை நாம் எல்லோரும் ரோட்டில் பார்த்தவர்கள்தானே? துறைமுகம் அங்கே, குழி இங்கே.

கப்பல் நிற்காவிட்டாலும் கஷ்டம் வரும்

2025 மே மாதம் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் போகும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, 25-ஆம் தேதி மூழ்கியது. அதில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். ஆனால் 640 கண்டெய்னர்கள் இருந்தன. அதில் இருந்து கொட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையில் மட்டுமல்ல, நம்ம மாவட்டக் கரையிலும் ஒதுங்கின. பார்க்கச் சவ்வரிசி மாதிரி இருக்கும். மீனுக்கும் பறவைக்கும் அது முட்டை மாதிரி தெரியும், தின்றுவிடும். மணலில் கலந்ததைச் சலித்துத்தான் எடுக்க வேண்டும். கப்பல் நம்ம ஊரில் நிற்கவில்லை. குப்பை மட்டும் வந்து நின்றது.

என் பதில்

போன வாரம் மாமா மறுபடியும் கூப்பிட்டபோது இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாவ. பிறகு, "உன் தோழி சொன்னதும் நியாயம். ஆனா நான் ஊருக்கு வரணும்னு நெனக்கதும் நியாயம்தானே?" என்று கேட்டாவ. இரண்டும் நியாயம்தான். அதனால்தான் இது கஷ்டமான கேள்வி.

எனக்குத் தோன்றுவது இதுதான். துறைமுகம் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகச் சொல்ல முடியாது. எங்கே கட்டுகிறோம், மணல் எந்தப் பக்கம் ஓடும், யார் வீடு போகும், எத்தனை பேருக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்க வேண்டும். முக்கியமாக, அந்தக் கடலைத் தினமும் பார்க்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். அவர்களுக்கு நீவாடும் தெரியும், மணலும் தெரியும். நம்மில் சிலராவது கடலைப் பற்றிப் படித்து இன்ஜினியர் ஆனால், அவர்கள் சொல்வதும் படத்தில் ஏறும்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். பென்சிலில் எழுதுங்கள். அடுத்த மாத இதழில் சேர்த்துப் போடலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி