உங்களுக்குத் தெரியுமா? காதிலும் நாடி பார்க்கலாம்!

இதயத்துடிப்பை அளக்க ஓட்டக்காரர்கள் நெஞ்சில் பட்டை கட்டுவார்கள். இல்லையென்றால் கைக்கடிகாரத்தை நம்புவார்கள். டென்மார்க்கின் ஜாப்ரா நிறுவனம் 2014-இல் மூன்றாவதாக ஓர் இடத்தைப் பிடித்தது: காது. பாட்டுக் கேட்கும் இயர்போனுக்குள்ளேயே துடிப்பு அளக்கும் உணரியை வைத்து, 'ஸ்போர்ட் பல்ஸ்' என்று விற்றது.

ஏன் காது? முதலில் மற்ற இரண்டையும் பார்ப்போம். நெஞ்சுப்பட்டை இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. அதனால்தான் அதற்கு இன்றும் முதல் மரியாதை. கட்டுமுன் பட்டையின் உட்புறத்தைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். காய்ந்த தோலில் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். கடிகாரமோ பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. கை ஆட ஆட அது குழம்பும். நிமிடத்துக்கு 170 அடி வைத்து ஓடினால், சில நேரம் காலடியையே துடிப்பென்று எண்ணி 170 காட்டிவிடும்! டென்மார்க் குளிரில் இன்னும் சிக்கல்: தோலடி நாளங்கள் சுருங்கி, மணிக்கட்டுக்கு வரும் ரத்தம் குறைகிறது. காது அவ்வளவாக ஆடாது. உணரியைக் குழப்பும் வெளி வெளிச்சமும் உள்ளே புகாது.

ஆனாலும் காது வழி கடிகாரம் அளவுக்குப் பரவவில்லை. வசதி என்றால் நம்மவர்களுக்குக் கடிகாரம்தான். அதையும் மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, இறுக்கமாகக் கட்டிப் பாருங்கள்.