கடேற் படையும் எமது பிள்ளைகளின் விளையாட்டும்

“கடேற்ல சேத்துவிட்டா, பொறகு பிள்ளைய ஆமிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்களா ஐயா?”

பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு தாய் எம்மிடம் கேட்ட கேள்வி இது. மகனுக்கு ஓட்டத்தில் ஆசை. பாடசாலையில் கடேற் அணி தொடங்கப் போவதாகச் சொல்லி, சம்மதக் கடிதத்தில் பெற்றோரின் கையொப்பம் கேட்டிருந்தார்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலில் தோட்டத்தை விட்டு ஓடி, வன்னியில் காடு வெட்டிப் பயிர் செய்து, பிறகு போரில் அந்தக் காணியையும் இழந்து மலைக்குத் திரும்பிய குடும்பம் அவருடையது. சீருடை என்றதும் அவர் நெஞ்சு திடுக்கிடுவதில் வியப்பில்லை. பிள்ளை பிடித்த காலத்தைக் கண்டவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்?

ஆகவே முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுவோம். தேசிய மாணவர் படையணி பாதுகாப்பு அமைச்சின் கீழ் உள்ளது என்பது உண்மை. ஆனால் அதில் சேரும் பிள்ளை படைவீரன் அல்ல. சேர்வதும் விடுவதும் பிள்ளையின் விருப்பம். பாடசாலையில் அணியை நடத்துபவர் அங்கு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரே. பாடசாலையை விட்டபின் இராணுவத்தில் சேரவேண்டும் என்ற கடப்பாடும் இல்லை. 18 வயதுக்குக் குறைந்தோரைப் போரில் ஈடுபடுத்தக் கூடாது என்னும் உலக உடன்படிக்கையை இலங்கை 2000ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. ‘மாணவச் சிப்பாய்’ என்று தமிழில் எழுதும் வழக்கம்தான் வீணாகப் பயத்தைக் கூட்டுகிறது என்பது எமது எண்ணம். 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவரை இராணுவ முகாம்களுக்கு அனுப்பித் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்ததை நினைத்து இதையும் அதையும் ஒன்றெனக் கருதுவோர் உள்ளனர். அது வேறு, இது வேறு.

கடேற் இந்நாட்டுக்குப் புதிதல்ல. 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியின் அதிபராயிருந்த ஜோன் கல் தம் மாணவரைக் கொண்டு இதைத் தொடங்கினார். ஆங்கிலேயரின் தொண்டர் படையோடு இணைந்த ஓர் அங்கமாகவே அது அன்று இருந்தது. பின்னர் நாடெங்கும் பெரிய பாடசாலைகளுக்குப் பரவியது. முன்பு தியத்தலாவையில் நடந்த வருடாந்த முகாம்கள் பிற்காலத்தில் ரந்தம்பேயில் நடக்கலாயின. மகாவலி நீர்த்தேக்கங்களுக்காகக் காணி விட்டு வந்த எமது வாசகர்களுக்கு ரந்தம்பே என்றால் அணைக்கட்டுத்தான் நினைவுக்கு வரும். கடேற் பிள்ளைகளுக்கோ அது போட்டிக்களம். மூத்தோருக்கான ஹேர்மன் லூஸ் கிண்ணம், இளையோருக்கான டி சொய்சா கிண்ணம் ஆகியவற்றுக்காகப் பாடசாலை அணிகள் மோதுகின்றன. அணிநடை, உடற்பயிற்சி, குறிபார்த்துச் சுடுதல், விளையாட்டு முதலியவற்றில் பெறும் புள்ளிகளைக் கூட்டியே வெற்றி தீர்மானிக்கப்படுகிறது.

அணிநடை எமது மக்களுக்குத் தெரியாத ஒன்றா? தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தைப் பிரட்டுக்களம் என்கிறோம். ‘பரேட்’ என்ற சொல்தான் எமது வாயில் ‘பிரட்டு’ ஆயிற்று என்பர். தலைமுறை தலைமுறையாக வரிசையில் நின்ற சமூகம் இது. ஆனால் அந்த வரிசை பிறருக்காக நின்ற வரிசை. தோட்டத்துப் பிள்ளை தன் பாடசாலையின் பெயருக்காக வரிசையில் நிற்பது வேறு சங்கதி.

இனி, போட்டி என்ற விடயத்துக்கு வருவோம். பெரிய கிண்ணங்களை வெல்வோர் பெரும்பாலும் பழம்பெரும் நகரப் பாடசாலைகளே. அவற்றுக்கு அகன்ற மைதானம் உண்டு, பயிற்றுநர் உண்டு, பணம் தரும் பழைய மாணவர் சங்கம் உண்டு. எமது பாடசாலை பலவற்றில் கரப்பந்து வலை கட்டக்கூடச் சமதரை இல்லை. மலையில் சமமாகக் கிடந்த நிலம் எங்கே போயிற்று என்று கேட்டால், ராதல்லையிலும் டரவளையிலும் துரைமார் கிரிக்கெட் ஆடிய மைதானங்களைக் காட்டலாம். டரவளைக் கழகம் 1868இல் தொடங்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1977இல்தான்.

நிலத்தைவிடப் பெரிய குறை வயிற்றில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு நாடளாவிய குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 100க்கு 32 பேர். காலையில் ரொட்டியும் வெறுந்தேநீரும் குடித்துவிட்டு, கொழுந்து மலை ஏறி இறங்கிப் பாடசாலைக்கு வந்து, இரண்டு மணிக்குப் பிறகு வெயிலில் அணிநடை பழகும் பிள்ளையை நல்ல சாப்பாடு சாப்பிட்ட பிள்ளையோடு நிறுத்திப் புள்ளி போடுவதைச் சமமான போட்டி என்று எம்மால் சொல்ல முடியவில்லை.

அதற்காகப் போட்டியே வேண்டாம் என்போரோடும் நாம் சேரவில்லை. போட்டியை எடுத்துவிட்டால் எமது பிள்ளைகளைத் தோட்டத்துக்கு வெளியே யார் காண்பது? ஆறாயிரம் அடிக்கு மேலான நுவரெலியாவின் மெல்லிய காற்றில் ஓடிப் பழகுவதற்கென்றே நாட்டின் நெடுந்தூர ஓட்டக்காரர் வருகிறார்கள். எமது பிள்ளைகள் அந்தக் காற்றிலேயே பிறந்தவர்கள். மலையகத்தில் பிறந்த குமார் சண்முகேஸ்வரன் தரைப்படை அணிக்காக ஓடி நெடுந்தூர ஓட்டத்தில் தேசிய அளவில் வெற்றி பெற்றிருக்கிறார். சப்பாத்து, சாப்பாடு, பயிற்றுநர் மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் இடமாகப் படைகளின் விளையாட்டுக் கழகங்கள் இருப்பதால்தான் ஏழைப் பிள்ளை அங்கே போகிறது. அதே வசதி பாடசாலையில் கிடைத்தால், எங்கே போவதென்று பிள்ளையே தெரிவு செய்யலாம்.

எனவே கடேற் போட்டிகள் இனி எப்படி அமையவேண்டும் என்பதில் எமக்கும் ஒரு சொல் உண்டு. மேட்டு நில ஓட்டத்துக்கும் அஞ்சலோட்டத்துக்கும் பெரிய மைதானம் தேவையில்லை. அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுக்கலாம். வென்ற அணிக்கு மட்டுமன்றி, சென்ற வருடத்தைவிட முன்னேறிய அணிக்கும் புள்ளி இருக்கட்டும். கட்டளைகள் சிங்களத்தில் ஒலிப்பதே வழக்கமாகிவிட்டது. தமிழ்ப் பாடசாலை அணி தமிழில் கட்டளை கேட்டு நடப்பதால் அணி கெட்டுவிடாது. இரண்டு மொழியையும் பழகட்டும், அது பிள்ளைக்கு இலாபமே. பெண்பிள்ளைகளையும் ஆண்பிள்ளைகளைப் போலவே முகாமுக்கு அனுப்பத் துணிவு வரவேண்டுமானால், கூடச் செல்லும் ஆசிரியை ஒருவர் கட்டாயம் வேண்டும்.

நுவரெலியாப் பக்கம் மரக்கறி பயிரிடும் பெற்றோருக்கு இன்னொன்று. உருளைக்கிழங்கு கிண்டும் நாட்களில் முகாம் வந்தால் பிள்ளையை மறிக்கவேண்டி வரும். ஆகவே முகாமின் திகதியை வருட ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கையொப்பமிடுமுன், போக்குவரத்துச் செலவு யாருடையது, பிள்ளைக்குக் காயம் பட்டால் வைத்தியச் செலவை யார் பொறுப்பது, பாடம் தவறினால் யார் மீளப் படிப்பிப்பது என்பவற்றையும் ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அந்தத் தாய் இன்னும் கையொப்பமிடவில்லை. சப்பாத்து வாங்கப் பணம் பாடசாலை தருமா, தாம் தேடவேண்டுமா என்று கேட்டுவர மகனை அனுப்பியிருக்கிறார்.