ஈர்க்குச்சித் தடிமனில் ஒரு ராக்கெட்

சென்ற மாதம் எங்கள் பள்ளி அறிவியல் கழகக் கூட்டத்திற்குப் படிவம் நான்கு மாணவன் ஒருவன் காலணிப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தான். உள்ளே பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்திய விமான மாதிரி. இரண்டு இயந்திரங்கள் கொண்ட பழைய போர் விமானம். ஓர் இறக்கை முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவு. பெயர் ஹோர்னட். அதனுடன் தபாலில் வரவழைத்த சிறு பிளாஸ்டிக் பை ஒன்றும் இருந்தது. பைக்குள் எட்டு குட்டி ராக்கெட்டுகள்.

“டீச்சர், விமானப் பெட்டியிலேயே ராக்கெட் இருக்கு. ஆனா வால் ரொம்பத் தடிப்பா இருக்கு. அதான் இதைத் தனியா வாங்கினேன்” என்றான்.

பக்கத்தில் நின்ற மாணவி சிரித்தாள். “வாலை யாரு அளந்து பார்க்கப் போறா?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, கணிதம், பௌதிகம், வேதியியல், வரலாறு நான்கும் வேண்டும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இன்று இல்லாத விமானம்

முதலில் வரலாறு. ஜார்ஜ்டவுன் கடற்கரையில் நின்றால் கடலுக்கு அக்கரையில் தெரிவது பட்டர்வொர்த். அங்குள்ள விமானப்படைத் தளம் 1941இல் திறக்கப்பட்டது. முதலில் பிரிட்டிஷ் விமானப்படையிடமும், 1958 முதல் ஆஸ்திரேலிய விமானப்படையிடமும் இருந்தது. 1988இல் மலேசிய விமானப்படையின் பொறுப்புக்கு வந்தது.

1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் நடப்பில் இருந்தது. அக்காலத்தில், 1951 முதல் 1955 வரை, பட்டர்வொர்த்திலிருந்து பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் ஒன்றுதான் ஹோர்னட். மரத்தையும் உலோகத்தையும் பசையால் ஒட்டிக் கட்டிய விமானம் அது. காற்றாடியுடன் பறந்த கடைசிப் போர் விமானங்களுள் ஒன்று. நான்கு பீரங்கித் துப்பாக்கிகளோடு, இறக்கைகளுக்கு அடியில் எட்டு ராக்கெட்டுகள் வரை சுமக்கும்.

பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. ஹோர்னட்டுகள் உடைத்துப் பழைய உலோகமாக விற்கப்பட்டன. இன்று உலகின் எந்த அருங்காட்சியகத்திலும் முழுமையான ஹோர்னட் ஒன்றுகூட இல்லை. புகைப்படங்கள் உள்ளன, வரைபடங்கள் உள்ளன. ஆனால் அந்த விமானத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டுமென்றால் மாதிரி ஒன்றே வழி. வால் சரியாக இருக்க வேண்டும் என்று அந்த மாணவன் பிடிவாதம் பிடித்ததற்கு இது முதல் காரணம்.

72 மடங்கு சிறியது என்றால் என்ன?

விமான மாதிரிகள் பெரும்பாலும் 1/72, 1/48 என்ற அளவுகளில் வருகின்றன. 1/72 என்றால் உண்மையான விமானத்தின் 72 மில்லிமீட்டர், மாதிரியில் 1 மில்லிமீட்டர். ஹோர்னட்டின் இறக்கை வீச்சு 13.72 மீட்டர். 72ஆல் வகுத்தால் சுமார் 19 சென்டிமீட்டர். சாணுக்குள் அடங்கியது அதனால்தான்.

இனி ராக்கெட்டைப் பார்ப்போம். ஹோர்னட் சுமந்தது பிரிட்டனின் 3 அங்குல ராக்கெட். 1943 முதல் பயன்பாட்டில் இருந்த ஆயுதம். எஃகுக் குழலின் விட்டம் சுமார் 76 மில்லிமீட்டர், நீளம் சுமார் 1.4 மீட்டர். முன்னால் திருகப்பட்ட வெடிதலையின் எடை 60 பவுண்டு, அதாவது 27 கிலோகிராம். வெடிதலையின் விட்டம் சுமார் 152 மில்லிமீட்டர்.

மாதிரியில் குழலின் விட்டம் 1.06 மில்லிமீட்டர். தென்னை ஈர்க்குச்சியின் தடிமன்தான்! நீளம் 19 மில்லிமீட்டர்.

இங்கே ஒரு விந்தை உண்டு. நீளம் 72 மடங்கு குறைகிறது. பரப்பளவோ 72 × 72 = 5,184 மடங்கு குறைகிறது. கன அளவு 72 × 72 × 72 = 373,248 மடங்கு குறைகிறது. அதே பொருளில் செய்தால் பொருண்மையும் அதே அளவு குறையும். 27 கிலோகிராம் வெடிதலை மாதிரியில் 0.07 கிராம் ஆகிவிடும். ஓர் ஆள் தூக்கினால் முதுகு வலிக்கும் பொருள், ஊதினால் மேசையை விட்டு உருண்டோடும் பொருளாகிறது.

வால் ஏன் தடிக்கிறது?

ராக்கெட்டின் வால் என்பது மெல்லிய உலோகத் தகடு. அது ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். 72ஆல் வகுத்தால் 0.02 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லியது.

பெட்டியில் வரும் பாகங்கள், உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்திச் செய்யப்படுபவை. அச்சின் இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால், பிளாஸ்டிக் கடைசி முனையை எட்டும் முன்பே ஆறி இறுகிவிடும். ஆகவே தயாரிப்பாளர்கள் வாலைச் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனாக வைக்க நேர்கிறது. அரை மில்லிமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். அதை 72ஆல் பெருக்குங்கள், 36 மில்லிமீட்டர் வரும். உங்கள் வீட்டு வாசல் கதவின் தடிமனில் ஒரு ராக்கெட் வால்!

தனியாக விற்கப்படும் துணைப் பாகங்கள் இந்தச் சிக்கலை மூன்று வழிகளில் தீர்க்கின்றன.

முதல் வழி, ஒளி அரிப்பு. மெல்லிய பித்தளைத் தகட்டின்மீது ஒளியுணர் பூச்சு பூசி, வாலின் வடிவத்தைப் புற ஊதா ஒளியால் பதிக்கிறார்கள். பூச்சு நீங்கிய இடங்களை ஃபெரிக் குளோரைடு போன்ற கரைசல் அரித்துவிடும். பித்தளையில் உள்ள செம்பும் துத்தநாகமும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கரைசலில் கலந்துவிடும். பூச்சு காத்த பகுதி மட்டும் மிஞ்சும். தகட்டின் தடிமன் 0.15 மில்லிமீட்டர் என்றால், உண்மை அளவில் அது 11 மில்லிமீட்டர்தான். முழுக்கச் சரியில்லை. ஆனால் கண் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாம் வழி, பிசின் வார்ப்பு. இரு திரவங்களைக் கலந்து மிருதுவான சிலிக்கோன் அச்சில் ஊற்றினால், வேதிவினையால் தானே இறுகும். அச்சு வளைந்து கொடுப்பதால் மெல்லிய பாகமும் உடையாமல் வெளிவரும்.

மூன்றாம் வழி, முப்பரிமாண அச்சு. புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பிசினை, 0.05 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று கட்டுகிறது இயந்திரம். எங்கள் மாணவனின் பையில் இருந்தவை இப்படி வந்தவைதான்.

வால் எதற்கு?

வால் இல்லாத ராக்கெட் கரணமடித்து எங்கோ போய் விழும். இதை நம் முன்னோர் அறிவார்கள். 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படைமீது மைசூர்ப் படை ஏவிய இரும்புக்குழல் ராக்கெட்டுகளில், வாலாக நீண்ட மூங்கில் கழியைக் கட்டியிருந்தார்கள். அவற்றைக் கண்டு வியந்த ஆங்கிலேயர் பின்னர் தாங்களும் ராக்கெட் செய்யத் தொடங்கினர். கழியின் இடத்தை ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் பிடித்ததுதான் நான்கு தகட்டு வால்.

இறக்கைக்கு அடியில் ராக்கெட்டை வைத்ததற்குக் காரணம் நியூட்டனின் மூன்றாம் விதி. பெரிய பீரங்கியைச் சுட்டால் அதன் பின்னுதைப்பு விமானத்தையே உலுக்கும். ராக்கெட்டோ தன் வெப்ப வாயுவைப் பின்னால் தள்ளி, தானே முன்னால் போகிறது. எதிர்விசையைத் தாங்குவது இறக்கை அல்ல, வெளியேறும் வாயு. ஆகவே சிறிய விமானமும் கனத்த வெடிதலையை ஏவ முடிந்தது.

தொடக்கத்தில் ராக்கெட்டுகள் இறக்கைக்கு அடியில் நீண்ட தண்டவாளங்களில் தொங்கின. பிறகு பொறியியலாளர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். விமானம் ஏற்கெனவே வேகமாகப் பறப்பதால், வால் புறப்படும் கணத்திலேயே காற்றைப் பிடித்துக்கொள்கிறது. தண்டவாளம் தேவையில்லை, இரண்டு குட்டைத் தாங்கிகள் போதும். எனவே ஒரு மாதிரியில் தண்டவாளம் வைப்பதா, தாங்கி வைப்பதா என்பது, எந்த விமானம், எந்த ஆண்டு என்பதைப் பொறுத்தது. பையின் மேல் உள்ள படத்தை நம்பாமல், அந்த விமானத்தின் அக்காலப் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். சான்றைப் பார்த்து முடிவு செய்வதுதான் அறிவியல் பழக்கம்.

கீழே யார் இருந்தார்கள்?

வால் நேராகச் செலுத்தும் என்றேன். ஆனால் எதை நோக்கி? காற்றுத் திசைகாட்டியைப் போல, வால் ராக்கெட்டை எதிர்க்காற்றின் திசைக்குத் திருப்பும். விமானம் சற்றே பக்கவாட்டில் நழுவினாலும் ராக்கெட் விமானி பார்த்த இடத்திற்குப் போகாது. போதாததற்கு ஈர்ப்பு விசை அதைக் கீழே இழுக்கும். 1944இல் பிரான்சின் நார்மண்டியில் போர் முடிந்த இடங்களை ஆய்வாளர்கள் நடந்து பார்த்தபோது, விமானிகள் அழித்ததாகச் சொன்னதைவிட மிகக் குறைவான டாங்கிகளே ராக்கெட்டால் அழிந்திருந்தன. திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் அப்படி. மலாயாவிலோ இலக்கு அடர்ந்த காட்டு மரங்களுக்கு அடியில் மறைந்திருந்தது.

அந்தக் காடுகளின் ஓரத்தில்தான் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. ஊரடங்கு, உணவுக் கட்டுப்பாடு என்று அவசரகாலத்தைக் கழித்தவர்களுள் நம் தாத்தா பாட்டிகளும் உண்டு. மாதிரியின் வாலை 0.15 மில்லிமீட்டருக்குச் சீராக்கும்போது, அந்த உண்மையையும் சேர்த்து நினைவில் வையுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் கேளுங்கள். புகைப்படத்தில் இல்லாத செய்தி அவர்களிடம் இருக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

பணம் செலவழிக்காமல் 1/24 அளவில் ஒரு ராக்கெட் செய்யலாம்.

குழல்: 76ஐ 24ஆல் வகுத்தால் சுமார் 3 மில்லிமீட்டர். சாத்தே குச்சி பொருத்தமாக இருக்கும். 58 மில்லிமீட்டர் நீளத்திற்கு வெட்டுங்கள்.

வெடிதலை: 152ஐ 24ஆல் வகுத்தால் சுமார் 6 மில்லிமீட்டர். சாதாரண உறிஞ்சு குழாயில் ஒரு துண்டை எடுத்துக் களிமண்ணால் நிரப்பி, முனையைக் கூராக்குங்கள். புகைப்படத்தைப் பார்த்து அதன் நீளத்தை முடிவு செய்யுங்கள்.

வால்: காலி பானக் குவளையின் அலுமினியத் தகடு சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். 24ஆல் பெருக்கினால் 2.4 மில்லிமீட்டர். கடைப் பாகங்களைவிட நெருக்கமான அளவு! விளிம்பு கூர்மையானது, கையுறை அணிந்து வெட்டுங்கள்.

இப்போது வெடிதலையை மட்டும் தராசில் நிறுத்துப் பாருங்கள். 27 கிலோகிராமை 24இன் முப்படியால் வகுத்தால் சுமார் 2 கிராம் வர வேண்டும். உங்களுக்கு எவ்வளவு வந்தது? வேறுபாடு இருந்தால் அதற்குக் காரணம் அளவா, பொருளின் அடர்த்தியா என்று சிந்தியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இது பார்வைக்கான மாதிரி மட்டுமே. தீக்குச்சி மருந்தையோ பட்டாசு மருந்தையோ உள்ளே வைக்கவே கூடாது. பிசின் பாகங்களைத் தேய்ப்பவர்கள் முகக்கவசம் அணிந்து, பாகத்தை நனைத்துத் தேய்க்க வேண்டும்.

அன்று “வாலை யாரு அளக்கப் போறா?” என்று கேட்ட மாணவி, கூட்டம் முடிவதற்குள் அடிக்கோலையும் கணிப்பானையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெட்டியில் வந்த வாலை அளந்தாள், 72ஆல் பெருக்கினாள், தலையை ஆட்டினாள்.

“கதவேதான்” என்றாள்.