ஸ்கேனர் இணையவில்லையா? முதலில் ஃபியூஸைப் பாருங்கள்

நம் அறக்கட்டளையின் ஆம்புலன்ஸில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தது. கோளாறை அறிய, செல்போனுடன் இணையும் சிறிய ஸ்கேனர் ஒன்றை வாங்கினோம். இணையவில்லை. கருவிதான் பழுது என்று எண்ணி இன்னொன்று வாங்கினோம், அதுவும் இணையவில்லை. கடைசியில் பார்த்தால், வண்டியில் ஒரு ஃபியூஸ் போயிருந்தது. நீங்கள் தந்த அமானிதப் பணத்தில் வீண் செலவு செய்துவிட்டோம். வாடகைக் கார் ஓட்டும் நம் சகோதரர்களுக்கும் இந்நிலை வரக்கூடாது என்பதற்காக, கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை அதில் செருகி, கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

1. ஸ்கேனரில் விளக்கு எரிகிறதா? சாக்கெட்டின் 16ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறது. விளக்கு எரியாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் சிகரெட் லைட்டருக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ்தான். அங்கே செல்போன் சார்ஜ் ஆகாவிட்டால் சந்தேகம் பலப்படும். மாற்றும்போது அதே ஆம்பியர் ஃபியூஸையே போடுங்கள்.

2. சாவி 'ஆன்' நிலையில் இருக்கிறதா? எஞ்சின் ஓட வேண்டியதில்லை. ஆனால் சாவியைத் திருப்பாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் பதில் சொல்லாது.

3. ஆண்ட்ராய்டு போனில் முதலில் புளூடூத் அமைப்பில் இணைத்து, பிறகு செயலியைத் திறக்க வேண்டும். கடவு எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. பழைய வகை புளூடூத் ஸ்கேனர்கள் ஐபோனுடன் இணையாது. வாங்கும் முன்பே கடையில் கேளுங்கள். வைஃபை ஸ்கேனர் என்றால் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு முயலுங்கள்.

4. அப்படியும் முடியவில்லையா? வேறொரு காரில் செருகிப் பாருங்கள். அங்கே இணைந்தால் குறை உங்கள் வண்டியின் சாக்கெட்டிலோ வயரிலோ இருக்கலாம். எந்தக் காரிலும் இணையாவிட்டால்தான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

இணைந்த பிறகு வரும் எண் கோளாறு எந்தப் பகுதியில் என்பதைத்தான் காட்டும். எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. அதைக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதற்கு முன் அழித்துவிடாதீர்கள். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள். இல்லையேல் பேட்டரி மெல்ல இறங்கும்.

நாங்கள் வாங்கிய இரண்டாவது ஸ்கேனர் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கிறது. புதிதாக வாங்க நினைப்பவர்கள் முதலில் அதை எடுத்துச்சென்று பாருங்கள். இன்ஷா அல்லாஹ், வீணான பணம் அப்படியாவது பயன்படட்டும்.