காரணம் சொல்லக் கடமைப்பட்ட தடை

எழுதியதை நீக்கவும், பேசுவதைத் தடுக்கவும், அச்சிட்டதைப் பறிமுதல் செய்யவும் எந்த ஆட்சிக்கும் ஏதோ ஓர் அளவில் அதிகாரம் இருந்தே வந்திருக்கிறது. அந்த அதிகாரம் இருக்கலாமா, எவ்வளவு இருக்கலாம் என்ற பெரிய விவாதத்தின் இரைச்சலில், அதைக் கையாள்பவர் ஏன் நீக்கினார் என்பதை எழுதியவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவரா என்ற கேள்வி, பண்பு சார்ந்த சிறிய விஷயம்போல ஓரத்தில் தள்ளப்பட்டுவிட்டது. அது சிறிய விஷயமன்று. தடை விதிக்கும் அதிகாரத்துக்குச் சட்டம் போட்டிருக்கும் கடிவாளங்களுள் மிக உறுதியானது, காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற ஒற்றை நிபந்தனைதான். அந்த நிபந்தனையை இந்திய உச்ச நீதிமன்றம் ஐயமின்றி நிலைநிறுத்திய வழக்கு, தமிழில் எழுதப்பட்ட ஒரு நூலைப் பற்றியது என்பதைத் தமிழ் வாசகர் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த வரலாற்றின் முதற்பகுதி பொதிகை மலையடிவாரத்திலேயே தொடங்குகிறது. பண்பொழியும் செங்கோட்டையும் குற்றாலமும் அடங்கிய இன்றைய தென்காசி மாவட்டத்தில், மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில், சுப்பிரமணிய பாரதியார் 1918-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1920 வரை வாழ்ந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, நவம்பர் மாதத்தில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை விட்டுக் கடலூர் எல்லைக்குள் வந்ததும் கைது செய்யப்பட்ட அவருக்கு விடுதலை நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. அவற்றுள் ஒன்று, எழுதுவதை வெளியிடும் முன் காவல் துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குக் காட்ட வேண்டும் என்பது. அச்சேறுவதற்கு முன்பே அலுவலர் ஒருவர் படித்துப் பார்த்து, எதை அனுமதிப்பது, எதை விலக்குவது என்று முடிவு செய்யும் இம்முறைக்கு முன்தணிக்கை என்று பெயர். முன்தணிக்கையின் கொடுமை அதன் கடுமையில் மட்டும் இல்லை. எந்தச் சொல் எதற்காக விலக்கப்பட்டது என்று பொதுமக்கள் அறிவதற்கு அதில் வழியே இல்லை; விலக்கப்பட்டது என்ற செய்திகூட வெளியே வருவதில்லை.

பாரதியார் 1921-இல் மறைந்த பிறகும் அவருடைய பாடல்களை அரசு விடவில்லை. 1928-இல் பர்மா மாகாண அரசு அவருடைய நாட்டுப் பாடல் தொகுப்புகளைப் பறிமுதல் செய்ய ஆணையிட, சென்னை மாகாண அரசும் அதைப் பின்பற்ற, திருவல்லிக்கேணியில் இருந்த படிகளைக் காவலர்கள் அள்ளிச் சென்றனர். சட்டசபையில் இதைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவரப்பட்டபோது அவை உறுப்பினர் எஸ். சத்தியமூர்த்தி அப்பாடல்களையே அவையில் எடுத்துக்காட்டி வாதிட்டார். ஆணைக்கு அடிப்படையாக இருந்தது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1922-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 99ஏ என்ற பிரிவு. ஒரு மாகாணத்தில் பிறப்பிக்கப்பட்ட பறிமுதல் ஆணையைக் கொண்டு பிரிட்டிஷ் இந்தியாவின் எந்த மூலையிலும் காவலர் நூலைக் கைப்பற்றலாம் என்ற அளவுக்குக் கடுமையான அப்பிரிவிலேயே, அரசு தன் கருத்துக்கான காரணங்களை ஆணையில் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அயலாட்சியின் பெருந்தன்மை என்று இதைக் கொள்ள வேண்டியதில்லை. பறிமுதலை எதிர்த்து இரண்டு மாதங்களுக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம் என்று அதே சட்டம் இடம் கொடுத்திருந்ததால், நீதிமன்றம் எடைபோட்டுப் பார்க்க ஏதேனும் ஒன்று கையில் இருக்க வேண்டியிருந்தது.

அந்த நிபந்தனை வெறும் எழுத்தாகவே கிடந்துவிடாமல் உயிர்பெற்றது குடியரசுக் காலத்தில்தான். உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்த இரு நூல்களைப் பற்றிய ஹர்நாம் தாஸ் வழக்கில், 1961-இல், உச்ச நீதிமன்றம் நேரான ஒரு தருக்கத்தை முன்வைத்தது. பறிமுதலுக்கு அரசு சொன்ன காரணங்கள் சரியா என்று பார்ப்பதுதான் உயர் நீதிமன்றத்தின் வேலை. அரசு காரணமே சொல்லவில்லை என்றால் நீதிமன்றம் எதைச் சரி என்று ஏற்பது? அரசின் மனத்தில் இன்னது இருந்திருக்கும் என்று நீதிபதிகள் ஊகித்து, அரசுக்காகத் தாங்களே காரணம் கற்பித்துத் தர முடியாது. ஆகவே காரணமில்லாத ஆணை, நூல் நல்லதா கெட்டதா என்ற ஆய்வுக்குள் போகாமலேயே வீழ வேண்டும். அந்த ஆணை வீழ்ந்தது.

தமிழ் நூலின் வழக்கு இதற்குப் பின் வந்தது. பெரியார் ஈ.வெ.ரா. எழுதிய ‘இராமாயணப் பாத்திரங்கள்’ 1959-இல் ஆங்கிலத்திலும், 1968-இல் லலாய் சிங் என்பவரின் வெளியீடாக ‘சச்சி ராமாயண்’ என்ற பெயரில் இந்தியிலும் வந்தது. ஒரு பிரிவினரின் சமய உணர்வைப் புண்படுத்துகிறது என்று கூறி உத்தரப் பிரதேச அரசு 1969 டிசம்பரில் இவற்றைப் பறிமுதல் செய்தது. லலாய் சிங் வழக்குத் தொடுக்க, அலகாபாத் உயர் நீதிமன்றம் 1971-இல் அந்த ஆணையை நீக்கியது. அரசின் மேல்முறையீட்டை 1976 செப்டம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின் மூலம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நெருக்கடி நிலை நடப்பில் இருக்க, நாளிதழ்களின் செய்திகள் தணிக்கைக்கு உள்ளாகிக்கொண்டிருந்த மாதம் அது என்பதை நினைத்துப் பார்த்தால் அத்தீர்ப்பின் துணிவு விளங்கும்.

இவ்வழக்கில் அரசுத் தரப்பு வைத்த வாதம் நிதானமாக ஆராயத்தக்கது, ஏனெனில் தடை விதிப்போர் அனைவரும் இன்றுவரை அதையே வெவ்வேறு சொற்களில் சொல்லிவருகின்றனர். எந்தப் பக்கத்தில் எந்த வரிகள் ஆட்சேபத்துக்கு உரியவை என்று ஆணையின் பின்னிணைப்பில் அட்டவணையே தரப்பட்டிருக்கிறது, எந்தக் குற்றப் பிரிவு என்பதும் தெரிகிறது, இவற்றைச் சேர்த்துப் படித்தால் காரணம் தானே புலப்படாதா என்பது அந்த வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எது நீக்கப்பட்டது என்று சுட்டுவதும், எந்த விதியின்கீழ் என்று எண் கொடுப்பதும் ஏன் என்பதற்கு விடையாகா. அந்த வரிகள் எவ்வாறு அந்த விதியை மீறுகின்றன என்ற இணைப்பைச் சொல்வதே காரணம் எனப்படும். அந்த இணைப்பு நீளமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, சில இடங்களில் மிகச் சுருக்கமான கூற்றே போதும் என்றும் அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது. ஆனால் அது சொல்லப்பட்டிருக்க வேண்டும். படிப்பவரின் ஊகத்துக்கு விடப்பட்டிருக்கக் கூடாது.

காரணம் கேட்கும் நிபந்தனையைத் தாண்டிச் செல்ல எளிய வழி, ஆணையே பிறப்பிக்காமல் இருந்துவிடுவது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு அவ்வாறே நேர்ந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த ‘சமாதானப் பேச்சு’க்குப் பின், விற்காத படிகளைத் திரும்பப் பெறுவதாக எழுத்தாளர் ஒப்பமிட வேண்டி வந்தது. அங்கே அரசு எதையும் தடை செய்யவில்லை, ஆகவே எதையும் விளக்கவும் தேவைப்படவில்லை. நூல் மட்டும் கடையிலிருந்து மறைந்தது. அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் சொல்லும்வரை ஓர் எழுத்தாளர் எழுத்துலகிலிருந்து விலகியே இருந்தார். தெளிவான காரணத்தோடு வரும் கடுமையான ஆணையைக்காட்டிலும் இத்தகைய ஆணையில்லாத தடை கொடியது. எதிர்த்து வழக்காட ஒரு தாள்கூட அங்கே இல்லை.

நாடகத்துக்கு நேர்ந்ததோ, பாரதியார் கண்ட முன்தணிக்கையின் தொடர்ச்சி. கோயில் கொடையில் நாடகம் போடும் வழக்கமுள்ள நெல்லை, தென்காசிச் சீமை மக்களுக்குக் காவல் நிலையத்தில் அனுமதி பெறுவது புதிதன்று. நாடகப் பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கவும் நிகழ்ச்சியைத் தடுக்கவும் அரசுக்கு இடமளித்த 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், அரசியலமைப்புக்கு முரணானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் அறிவித்தது.

காரணம் சொல்வதற்கு எதிரான வாதங்களுள் வலுவானது நாட்டுப் பாதுகாப்பு. சில செய்திகளை வெளியே சொன்னால் தகவல் தந்தவருக்கே ஆபத்து நேரலாம் என்பது மறுக்க முடியாதது. ஆனால் அந்த வாதம் எவ்வளவு எளிதில் எல்லை தாண்டும் என்பதை ஆரியங்காவு கணவாய்க்கு அப்பாலிருக்கும் கேரளத்தின் வழக்கொன்று காட்டியது. ‘மீடியாஒன்’ என்ற மலையாளத் தொலைக்காட்சியின் உரிமம், பாதுகாப்பு ஒப்புதல் மறுக்கப்பட்டதாகக் கூறி 2022 ஜனவரியில் புதுப்பிக்கப்படாமல் போயிற்று. ஏன் மறுக்கப்பட்டது என்பது நிறுவனத்துக்குச் சொல்லப்படாமல், நீதிபதிகள் மட்டும் பார்க்கும்படி முத்திரையிட்ட உறையில் நீதிமன்றத்துக்குத் தரப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஏற்க மறுத்தது. பாதுகாப்பு என்ற சொல்லை உச்சரித்த மாத்திரத்திலேயே இயற்கை நீதி விலகிவிடாது, அதாவது தனக்கு எதிரான முடிவின் அடிப்படையை அறிந்து மறுமொழி கூறும் உரிமை ஒருவருக்கு இல்லாமல் போய்விடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்து மற்றதைச் சொல்லலாம். முழுவதையும் உறைக்குள் இட்டால், மறைக்கப்பட்டது இரகசியமா தவறா என்று வெளியிலுள்ளவர் பிரித்தறிய முடியாது.

இணையவழி வெளியீடுகளில் இந்த முரண் இன்னும் கூர்மையாக நிற்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, மைய அரசு ஒரு வெளியீட்டை முடக்கும்போது காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது. அவ்வாறு பதிவதால் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும் என்பதைக் கருதியே 2015-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லும் என்றது. ஆனால் அதற்கான 2009-ஆம் ஆண்டு விதிகளில் உள்ள ஒரு விதி, புகாரும் நடவடிக்கையும் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. எழுதப்பட்ட காரணம், பாதிக்கப்பட்டவர் கண்ணில் படாமல் கோப்பில் உறங்கினால், அது எழுதப்படாததற்குச் சமம். 2025 பிப்ரவரி 15 முதல் விகடன் இதழின் இணையதளம் பலருக்குத் திறக்காமல் போனபோது, முன்னறிவிப்பு ஏதும் வரவில்லை என்றே அந்நிறுவனம் கூறியது. பிரதமரைக் கைவிலங்கோடு காட்டிய ஒரு கேலிச்சித்திரமே சர்ச்சைக்கு மூலம். மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. ஆட்சேபம் ஒரே படத்தின்மேல் என்பது முதலிலேயே எழுத்தில் சொல்லப்பட்டிருந்தால், 1926-இல் தொடங்கிய ஓர் இதழின் தளம் முழுவதும் மூடப்பட வேண்டிய தேவை எழுந்திருக்குமா? காரணம் தடையை நியாயப்படுத்துவதோடு நிற்பதில்லை. அத்தடை எவ்வளவு தூரம் செல்லலாம் என்ற எல்லையையும் அதுவே வரைகிறது.

நாளொன்றுக்கு இலட்சக்கணக்கானவற்றைப் பரிசீலிக்கும் தனியார் சமூக ஊடக நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத முடியுமா என்று கேட்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் அவ்வாறு எழுதியே ஆகவேண்டும் என்று விதித்து, 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு விதிகளும், பெரிய நிறுவனங்கள் தாமாக முன்வந்து ஒன்றை நீக்கும்போது பயனருக்கு முன்னதாகவே காரணம் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. விளக்கம் எழுதினால் விதியை ஏய்க்க நினைப்பவருக்கு வழிகாட்டியதாகும் என்ற அச்சத்தில் சிறிது உண்மை உண்டு. ஆனாலும் ஏய்ப்பவர் சிலருக்காக, தவறென்று தெரியாமல் எழுதிய பலரை இருட்டில் நிறுத்துவது நேர்மையாகாது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: காரணம் கட்டாயமாகும்போது அது முத்திரை குத்தியதுபோல ஒரே வாசகமாகச் சுருங்கிவிடக்கூடும். அத்தகைய பாவனைக் காரணம் காரணமே அன்று என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் கிராந்தி அசோசியேட்ஸ் வழக்கில் எச்சரித்திருக்கிறது.

இவையெல்லாம் எழுத்தாளருக்கும் இதழுக்கும் உரியவை, சாதாரண மக்களுக்கு இல்லை என்று எண்ண வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(8) பிரிவின்படி, பண்பொழிப் பேரூராட்சியில் கொடுத்த ஒரு தகவல் மனு மறுக்கப்பட்டாலும், மறுப்புக்கான காரணம், மேல்முறையீட்டுக்கான கெடு, மேல்முறையீட்டு அலுவலர் யார் என்ற மூன்றையும் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். 4(1)(ஈ) பிரிவோ, நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தை அதனால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு அலுவலகம் தர வேண்டும் என்கிறது. ‘வழங்க இயலாது’ என்ற ஒற்றை வரியோடு வரும் கடிதத்தைப் பெற்றவர் அதை மடித்து வைத்துவிடாமல், காரணம் எங்கே என்று கேட்டு முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். நூல்களைப் பொறுத்தவரை, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-ஆம் பிரிவு, பறிமுதல் ஆணையில் காரணங்கள் கூறப்பட வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அப்படியே வைத்திருக்கிறது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்வதற்கான கெடு இன்றும் இரண்டு மாதம்தான்.