தொலைக்காட்சி நகைச்சுவைத் தேர்வும் நெல்லைத் தமிழும்

தொலைக்காட்சி நகைச்சுவைப் போட்டிகளுக்கு ஆள் எடுக்க நடத்தப்படும் முதல்கட்டத் தேர்வைப் பேச்சு வழக்கில் ஆடிஷன் என்கிறோம். துணைக்கு ஆளில்லாமல், இசை இல்லாமல், இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் முன்பின் தெரியாத சிலரைச் சிரிக்க வைக்க வேண்டும். பாட்டுப் போட்டிக்குப் போகிறவருக்கு ஏற்கெனவே எல்லோருக்கும் பிடித்த பாட்டு ஒன்று கைகொடுக்கும். நகைச்சுவைக்கு அது கிடையாது. கேட்டுப் பழகிய நகைச்சுவை செத்த நகைச்சுவை.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று தாமிரபரணிக் கரையிலிருந்து இந்தத் தேர்வுக்குப் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் வாயைத் திறந்தாலே அறையில் பாதிப் பேர் சிரித்துவிடுகிறார்கள். சொன்ன விஷயத்துக்கான சிரிப்பு அல்ல அது, சொன்ன தமிழுக்கான சிரிப்பு. அதை எப்படிக் கையாளுவது என்பதுதான் நெல்லைக்காரருக்கு இந்தத் தேர்வில் முதல் கேள்வி.

போட்டிகள் வந்த வழி

நகைச்சுவையாளர்களைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை உலகின் பல நாடுகளில் இருந்தது. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 2003-இல் லாஸ்ட் காமிக் ஸ்டாண்டிங் நிகழ்ச்சியைத் தொடங்கியது. இந்தியில் 2005-இல் ஸ்டார் ஒன் அலைவரிசையில் தி கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச் வந்தது. அதே ஆண்டு விஜய் தொலைக்காட்சியில் கலக்கப்போவது யாரு தொடங்கியது. பிறகு சன் தொலைக்காட்சியில் அசத்தப்போவது யாரு வந்தது. மதன் பாப் நடுவர் இருக்கையில் உட்கார்ந்து குலுங்கிச் சிரித்ததை அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கோவை குணா, மதுரை முத்து, ரோபோ சங்கர், வடிவேல் பாலாஜி, ஈரோடு மகேஷ், அறந்தாங்கி நிஷா, சிவகார்த்திகேயன் ஆகியோரைத் தமிழ்நாடு அறிந்தது இத்தகைய மேடைகள் வழியாகத்தான். இந்தப் பட்டியலில் எத்தனை பேர் தம் ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஊர்ப்பெயர் இங்கே வெறும் முகவரி அல்ல, ஒரு வாக்குறுதியும் கூட. கோவை என்றால் ஒரு பேச்சு, மதுரை என்றால் ஒரு பேச்சு என்று பார்வையாளர் முன்கூட்டியே காதைத் தயார் செய்துகொள்கிறார். 2020-இல் அமேசான் பிரைமில் வந்த காமிக்ஸ்தான் செம காமெடி பா இன்னொரு வகையைச் சேர்ந்தது. அது பலகுரலையோ வேடத்தையோ நம்பாமல், சொந்த அனுபவத்தைச் சொல்லிச் சிரிக்க வைக்கும் நகரத்துப் பாணியை முன்வைத்தது. எந்த நிகழ்ச்சிக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதைப் பொறுத்து, தேர்வில் எதிர்பார்ப்பதும் மாறும்.

அதற்கும் முன்னால்

தனி ஆள் நின்று கூட்டத்தைச் சிரிக்க வைப்பது தொலைக்காட்சி கண்டுபிடித்தது அல்ல. தென்மாவட்டக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு, கதை சொல்லும்போதே நடப்பு அரசியலையும் உள்ளூர்ப் பெரிய மனிதரையும் இடித்துக்கொண்டே போகும். சுடலைமாடன் கோயில் கொடைகளில் ஆடப்படும் கணியான் கூத்தில், மகுடம் முழங்க, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது எளிய வேலை அல்ல. ஊர்த் திருவிழா இன்னிசைக் கச்சேரிகளில் இரண்டு பாட்டுக்கு நடுவே பலகுரல் செய்தவர்களும் இந்த வரிசையில் வருவார்கள். தொலைக்காட்சிப் போட்டிகளின் தொடக்க காலத்தில் பலகுரலுக்கு அத்தனை இடம் கிடைத்தது அதன் தொடர்ச்சிதான்.

நெல்லைக்கு அருகே சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகத்தின் கதை இங்கே பொருத்தமானது. இளைஞராக இருந்த அவருடைய எழுத்துத் திறமையைக் கண்டுகொண்டு சென்னைக்கு அழைத்துப்போனவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். நாகர்கோவில்காரரான கலைவாணரும் வில்லுப்பாட்டில் ஊறியவர். கலைவாணரின் படங்களுக்கும், பின்னர் நாகேஷின் படங்களுக்கும் சுப்பு ஆறுமுகம் நகைச்சுவைப் பகுதிகள் எழுதிக் கொடுத்தார். காலமெல்லாம் வில்லுப்பாட்டையும் விடவில்லை. 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2022 அக்டோபரில் மறைந்தார். அவருக்கும் ஒருவகையில் ஆடிஷன் நடந்தது என்று சொல்லலாம். ஆனால் தேர்வு செய்தவர் அதே மண்ணின் கலையையும் பேச்சையும் அறிந்தவர். இன்றைக்குத் தேர்வு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பரிச்சயம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தேர்வு அறையில்

அறிவிப்பு தொலைக்காட்சியிலும் சமூக ஊடகத்திலும் வரும். இப்போது பெரும்பாலும் முதலில் ஒரு காணொளி கேட்கிறார்கள். கைப்பேசியைப் படுக்கைவாட்டில் வைத்து, முகம் தெளிவாகத் தெரியும்படி, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுத்த இரண்டு நிமிடக் காணொளி போதும். பின்னணியில் சிரிப்பொலி சேர்ப்பது உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். நேர்முகத் தேர்வு சென்னையிலோ மதுரை, கோவை, திருச்சி போன்ற நகரங்களிலோ இருக்கும். நெல்லைக்காரருக்கு மதுரை என்றால் காலையில் போய் இரவு திரும்பலாம். சென்னை என்றால் ஓர் இரவு ரயில், ஒரு பகல் காத்திருப்பு, மறுபடி ஓர் இரவு ரயில். செலவு பெரும்பாலும் உங்களுடையது.

பலர் எதிர்பாராத ஒன்று: முதல் சுற்றில் திரையில் பார்க்கும் நடுவர்கள் இருக்க மாட்டார்கள். நிகழ்ச்சித் தயாரிப்புக் குழுவைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர், ஒரு கேமரா, ஒரு மேசை. காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்துச் சலித்த முகங்கள். அவர்கள் சிரிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று பொருள் அல்ல. குறிப்பு எழுதிக்கொண்டிருக்கலாம், நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். அந்த ஆமா இருக்கிறதே, அது பெரிய துணை. கூட்டம் எங்கே சிரிக்க வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். தேர்வு அறையில் ஆமா போட ஆள் கிடையாது. நண்பர்கள் நடுவிலும் கல்லூரி விழாவிலும் கொடிகட்டிப் பறந்தவர்கள் இங்கே தடுமாறுவது இதனால்தான். சிரிப்பு வராத அந்த ஒரு நொடியைத் தாங்க முடியாமல் வேகத்தைக் கூட்டுவார்கள். அடுத்த நகைச்சுவை முந்தியதன் மேல் ஏறிக்கொள்ளும். சிரிப்பு வந்தால் எவ்வளவு நேரம் நிற்பீர்களோ, வராவிட்டாலும் அதே நேரம் நில்லுங்கள். பார்க்கிறவர் அந்த நிதானத்தைக் குறித்துக்கொள்கிறார். ஏனென்றால் படப்பிடிப்பில் அரங்கு நிறைந்து இருக்கும்போது அந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டில் ஒத்திகை பார்க்கச் சுவரைவிட நல்ல துணை இல்லை. கண்ணாடி வேண்டாம், அது உங்களைப் பார்த்துச் சிரித்துவிடும்.

ஏலே என்ற பொறி

சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் புழங்கும் நெல்லைத் தமிழ் பெரும்பாலும் ஒரே சொல்லால் ஆனது: ஏலே. எந்த வசனத்தின் முன்னால் அதை ஒட்டினாலும் ஆள் நெல்லைக்காரர் ஆகிவிடுவார். ஊரில் அப்படி இல்லை. ஏலே என்பது வயதில் சிறியவனையோ நெருங்கிய கூட்டாளியையோ கூப்பிடுவது. மூத்தவரைக் கூப்பிட்டால் அடி விழும். சமமான ஆண்களுக்குள் உரிமையும் மரியாதையும் கலந்து "வே" என்பார்கள். மூத்தவர் அண்ணாச்சி. மரியாதைக்குரியவர் வந்தால் "வந்தாவ", போனால் "போனாவ". நிகழ்காலத்தில் "சொல்லுதேன்", "செய்யுதேன்". இந்த அடுக்குகள் தெரிந்தால் ஓர் ஆள் யாரை எப்படிக் கூப்பிடுகிறான் என்பதிலேயே ஒரு கதையை வைத்துவிடலாம். நேற்றுவரை ஏலே என்று கூப்பிட்ட பையன் கடன் கொடுக்கும் நிலைக்கு வந்ததும் "வந்தாவ" ஆகிவிடுகிறான் என்றால், நகைச்சுவை அங்கே உள்ளே இருக்கிறது, ராகத்தில் இல்லை.

அண்ணாச்சி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் அது மரியாதை. சென்னையில் அது மளிகைக் கடைக்காரரின் பெயராகிவிட்டது. இந்த இடைவெளியை அனுபவித்த ஒருவர் சொன்னால் அது சொந்தச் சரக்கு.

நெல்லைப் பேச்சைக் கொண்டே அறியப்பட்ட இருவரைக் கவனிக்கலாம். பணகுடிப் பக்கத்தைச் சேர்ந்த நெல்லை சிவா, 1985-இல் ஆண்பாவம் படத்தில் அறிமுகமாகி 2021 மே மாதம் மறையும்வரை சிறு வேடங்களில் நடித்தவர். கண்ணும் கண்ணும் (2008) படத்தில் வடிவேலு தன் கிணற்றைக் காணவில்லை என்று புகார் கொடுக்கும் காட்சியில் காவல் அதிகாரியாக வருவார். அந்தக் காட்சியில் அவர் சிரிக்க வைக்க முயலவே இல்லை. காணாமல் போன கிணற்றை ஒரு வழக்காகவே எடுத்துக்கொண்டு திணறுகிறார். பேச்சு நெல்லைப் பேச்சு, சிரிப்பு சூழ்நிலையின் சிரிப்பு. அதே வழியில் சன் தொலைக்காட்சியின் குட்டீஸ் சுட்டீஸ் நிகழ்ச்சியில் இமான் அண்ணாச்சி செய்தது பெரும்பாலும் குழந்தைகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, அதற்கு முகம் கொடுத்ததுதான்.

ஆகவே ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் எழுதியதைப் பொதுத் தமிழில், எந்த ராகமும் இல்லாமல், வேறு மாவட்டக்காரர் ஒருவரிடம் சொல்லுங்கள். அப்போதும் சிரித்தால் அது நகைச்சுவை. பிறகு நெல்லைத் தமிழில் சொல்லுங்கள், இரண்டு மடங்காகும். பொதுத் தமிழில் சிரிக்காவிட்டால், நீங்கள் விற்கப் பார்ப்பது உங்கள் ஊர்க்காரர்களின் வாயை. அதற்கு முதல் சுற்றில் சிரிப்பு கிடைக்கும். நான்காம் சுற்றில் தீர்ந்துபோகும், அதற்குள் உங்களுக்கு வேறு வேலை எழுதித் தர மாட்டார்கள். சில சமயம் தயாரிப்புக் குழுவே "இன்னும் கொஞ்சம் ஸ்லாங் போடுங்க" என்று கேட்கும். போடலாம், ஆனால் யாரை யார் ஏலே என்று கூப்பிடுகிறார் என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

எதைப் பேசுவது

அல்வாவை விட்டுவிடலாம். இருட்டுக்கடையின் மேல் குற்றம் இல்லை. நெல்லையிலிருந்து வந்த ஒவ்வொருவரும் அல்வா கொடுப்பதில்தான் தொடங்குகிறார்கள். அரிவாளும் அப்படியே. உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன? பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடமும் மத்தியச் சிறையும் ஒரே ஊரில் இருப்பதைப் பற்றி அப்பா சொன்னது, சந்திப்பில் ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தட்டில் போவதா மேல்தட்டில் போவதா என்று வெளியூர் மாப்பிள்ளை குழம்பியது, இப்படி ஏதாவது.

துயரத்தையும் பேசலாம், அதில் நீங்களும் இருந்திருந்தால். 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் விரைவு ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. அதில் சிக்கியவர் தன் பசியையும் தான் செய்த அசட்டு வீரத்தையும் சொன்னால் கேட்கிறவர் அழுதுகொண்டே சிரிப்பார். வீட்டில் காய்ந்த இடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்தவர் அதே கதையைச் சொல்லக் கூடாது.

பெண் வேடமிட்டு உடலைக் கேலி செய்வது, மனைவியைத் திட்டுவது, நிறத்தைச் சொல்வது ஆகியவை இந்த நிகழ்ச்சிகளில் நீண்ட காலம் ஓடின. இன்று அவை பழசாகவும் தெரிகின்றன, சமூக ஊடகத்தில் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வைக்கின்றன. சாதி விஷயம் இன்னும் நுட்பமானது. நெல்லையில் ஒரு சொல்லின் விகுதி, ஓர் உறவுமுறைப் பெயர், ஒரு தெருப் பெயர் போதும், யார் பேசுகிறார் என்று தெரிந்துவிடும். சென்னைத் தயாரிப்பாளர் அதைக் கவனிக்க மாட்டார், ஊரில் பார்க்கிறவர்கள் கவனிப்பார்கள். எழுதியதை ஊரின் வேறு தெருவைச் சேர்ந்த ஒருவரிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுப் போவது நல்லது.

கையெழுத்துக்கு முன்

தேர்வுக்குக் கட்டணம் கேட்டால் அது தேர்வு அல்ல. பதிவுக் கட்டணம், ஒப்பனைக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சந்தேகப்படுங்கள். தொலைக்காட்சியின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அதே அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தேர்வானால் ஓர் ஒப்பந்தம் தருவார்கள். பதிவான நிகழ்ச்சியின் உரிமை பொதுவாக நிறுவனத்துக்கே போகும். எத்தனை மாதம் வேறு அலைவரிசையில் வரக் கூடாது, ஊர்த் திருவிழா மேடையில் அதே பகுதியைச் செய்யலாமா, சொந்தப் பக்கத்தில் போடலாமா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். ஆடி, பங்குனி, சித்திரை மாதங்களில் கொடை மேடைகளை நம்பிப் பிழைக்கும் கலைஞர்களுக்கு அந்த இரண்டாவது கேள்வி வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

தேர்வாகாவிட்டால் பெரும்பாலும் காரணம் சொல்ல மாட்டார்கள், அழைப்பு வராது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு மறுபடி போகலாம். போகும்போது அதே இரண்டு நிமிடத்தைக் கொண்டுபோகாதீர்கள். மேசைக்குப் பின்னால் அதே ஆள் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு.