கேட்டது யார்?

சென்னையிலும் புதுச்சேரியிலும் அயல்நாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களைப் பக்கம் அமைத்துத் தரும் நிறுவனங்கள் பல உண்டு. அப்படி ஓர் இடத்தில் ஆங்கில ப்ரூஃப் பார்ப்பது என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது கேள்விக்குறியைத்தான்.

ஹீ செட், “தி மணி இஸ் கான்?” கேள்விக்குறி மேற்கோளுக்கு உள்ளே இருக்கிறது. பணம் போய்விட்டதா என்று பதறியவர் அவர்.

டிட் ஹீ சே, “தி மணி இஸ் கான்”? இப்போது குறி வெளியே. பணம் போய்விட்டது என்று அவர் அடித்துச் சொன்னாரா எனக் கேட்பது நாம். ஒரு குறி இடம் மாறியதும் சந்தேகப்படுகிற ஆளே மாறிவிட்டார்!

மேற்கோள், அதைச் சுற்றிய வாக்கியம் இரண்டுமே கேள்வி என்றால் உள்ளே ஒரு குறி போதும். “வேர் ஆர் யூ?” என்று மேற்கோள் முடிந்து ‘ஹீ ஆஸ்க்ட்’ தொடரும்போது இடையில் காற்புள்ளி வராது.

முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் வேறு கதை. அமெரிக்கர்கள் அவற்றைப் பெரும்பாலும் மேற்கோளுக்குள்ளேயே அடைத்துவிடுவார்கள். பிரிட்டனில் பொருளைப் பார்த்து வைப்பார்கள். ஃபவுலர் சகோதரர்கள் 1906இல் வந்த ‘தி கிங்ஸ் இங்கிலீஷ்’ என்ற ஆங்கில நடைக் கையேட்டில் அதற்காகவே வாதாடினார்கள். கேள்விக்குறியில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

நம்மவர்கள் தடுமாறுவது, அடுத்தவர் கேட்டதைத் தம் வாயால் சொல்லும்போது. ‘எங்கே போகிறாய் என்று கேட்டார்’ என்போம். தமிழில் கேள்வி குலையாமல் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பழக்கத்தில் ‘ஹீ ஆஸ்க்ட் மீ வேர் ஆர் யூ கோயிங்?’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் கேள்வியைக் கலைத்துப்போட வேண்டும்: ‘ஹீ ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்.’ ‘யூ’ போய் ‘ஐ’ வருகிறது, காலம் பின்னால் நகர்கிறது, வினைச்சொல் எழுவாய்க்குப் பின்னே போகிறது. இப்போது இது செய்தி, கடைசியில் முற்றுப்புள்ளிதான். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ சேரும். ‘ஐ வண்டர் இஃப் ஹீ வில் கம்’ என்பதற்கும் முற்றுப்புள்ளியே.

பேட்டியிலோ சாட்சி வாக்குமூலத்திலோ குறி சந்தேகமாக இருந்தால் நானாக நகர்த்த மாட்டேன். கேட்டது யார் என்று ஓரத்தில் எழுதி, நூலாசிரியருக்கே அனுப்பிவிடுவேன்.